இருபத்தேழு மனுக்கள்

நான்கு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் மீன் வாங்கியதே இல்லை, மேடம். மீன் வந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு, எட்டேகாலுக்குக் கேட் திறக்கும் சத்தம் கேட்கும். என் மனைவியின் தம்பி வெங்கடேசன் மாமல்லபுரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை வண்டி ஓட்டிக்கொண்டு வந்து, ஒரு வாரம் வஞ்சிரம், ஒரு வாரம் சங்கரா, நண்டு நன்றாக இருந்தால் நண்டு என்று கொடுத்துவிட்டு, "மாமா, நல்லா கீறீங்களா" என்று கேட்டுவிட்டுப் போவான். உட்காரச் சொன்னால் உட்காருவான். சொல்லாவிட்டால் நின்றுகொண்டே இருப்பான். அப்படிப்பட்ட பையன். வயது நாற்பத்திரண்டு.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஏட்டையா எழுதிக்கொண்டிருக்கும் தாளில் 'முன்விரோதம் காரணமாக' என்று ஒரு வரி இருப்பதைத் தலைகீழாகவே படித்துவிட்டேன். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். எனக்கு யார்மீதும் விரோதம் கிடையாது. அப்புறம், 'மனுதாரர்' என்பதற்கு ஒரு கால்தான் வரும், அவர் இரண்டு போட்டிருக்கிறார். காவல் நிலையத்தில் சொல்வது கோர்ட்டில் செல்லாது என்பதும் எனக்குத் தெரியும். கவலைப்படாதீர்கள். மாஜிஸ்திரேட் முன்னாலும் இதையேதான் சொல்வேன், ஒரு வார்த்தை மாறாது.

நான் தர்மராஜ். அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். அதில் இருபத்தோரு வருடம் மனுப் பிரிவில். வருகிற மனுவைப் படித்து, எண் போட்டு, உரிய மேசைக்கு அனுப்புவது வேலை. எந்த மனுவை அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பார், எந்த மனு டீ கிளாஸுக்கு அடியில் போகும் என்பது கவரைப் பிரிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். இது ஒரு பெரிய விஷயம் இல்லை. சமையல்காரருக்கு உப்பு தெரிவதுபோலத்தான்.

கொரோனா வந்து, மாமல்லபுரத்துக்கு ஒரு டூரிஸ்ட்கூட வராமல் கிடந்தது இல்லையா, அந்த வருடம் வெங்கடேசன் என்னிடம் வந்தான். அதற்கு எட்டு மாதம் முன்னால்தான் ஃபைனான்ஸில் டூரிஸ்ட் வேன் எடுத்திருந்தான். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

"மாமா, ஒரு நாப்பதாயிரம் டப்பு வேணும். மூணு டியூ நிக்குது. வண்டிய தூக்கிருவாங்க. உங்கள வுட்டா நான் யார்கிட்ட போயி நிப்பேன்?"

கொடுத்தேன். வட்டி கேட்கவில்லை. பத்திரம் எழுதவில்லை. இதைத் தனிப் பத்தியாக எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகுதான் மீன். நான் கேட்கவில்லை. அவனாகக் கொண்டுவந்தான். மீன் மட்டும் இல்லை. எனக்குக் கண் ஆபரேஷன் என்றால் வண்டி வரும். என் மனைவி விஜயகுமாரி திருக்கழுக்குன்றம் போகவேண்டும் என்றால் வண்டி வரும். அவன் மகளை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்று என்னைத்தான் கேட்டான். அந்தப் பெண் நர்ஸிங் படிக்க ஆசைப்பட்டது. நான் பி.காம். என்றேன். பி.காம். படிக்கிறது.

கொடுத்ததை நான் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அதே பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழாவில் என் கையில் மைக் கொடுத்தார்கள். ஒரு குடும்பம் கஷ்டத்திலிருந்து எப்படி மீண்டது என்று இரண்டு நிமிடம் பேசினேன். தொகையை ஒரே ஒரு முறைதான் சொன்னேன், அதுவும் புள்ளிவிவரத்துக்காக. இன்னொரு நாள் அவன் கையில் புது ஃபோன் இருந்தது. "எவ்வளவு?" என்று மட்டும் கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும்போது பழைய பட்டன் ஃபோனைத்தான் கொண்டுவருவான். புதியதை வண்டியிலேயே வைத்துவிட்டு வருவானாம். மரியாதை தெரிந்தவன்.

போன பொங்கல் முடிந்து இரண்டாவது ஞாயிறு. வெங்கடேசன் வந்தான். கையில் மீன் இல்லை. நான் சொல்வதற்கு முன்னாலேயே சோபாவில் உட்கார்ந்தான். டீப்பாய்மேல் ஒரு காக்கிக் கவரை வைத்தான்.

"எண்ணிப் பாருங்க மாமா. நாப்பதாயிரம்."

"இப்போது என்ன அவசரம்?" என்று கேட்டேன்.

"அவசரம்லாம் ஒண்ணுமில்ல மாமா. செங்கல்பட்டுல ஸ்ரீதேவி மேடம்னு ஒருத்தங்க கீறாங்க. கடன்ல மாட்டிகினவங்களுக்குக் கணக்கு போட்டு வழி காட்டுவாங்க. எனக்கு ஃபோன் ஆப்பு லோன் அது இதுன்னு மொத்தம் பதினோரு கடன். பேஜாராயிட்டேன். அவங்கதான் லெட்டர் போட்டுப் பேசி, ஒவ்வொண்ணா முடிச்சு வுட்டாங்க. வண்டி ஃபைனான்ஸ் மட்டும் ஆறு தவணை பாக்கி. அப்பால நான் ஃப்ரீ மாமா."

ஃப்ரீ என்று சொல்லிவிட்டு, கால்மேல் கால் போட்டுக்கொண்டான். வேண்டுமென்று போடவில்லை. எப்படியோ போய் உட்கார்ந்துகொண்டது அந்தக் கால். விஜயகுமாரி சந்தோஷத்தில் கேசரி கிளறினாள். நான் பணத்தை எண்ணினேன். சரியாக இருந்தது.

அடுத்த ஞாயிறு கேட் திறக்கவில்லை. பத்து மணிக்கு ஃபோன் செய்தேன். "சவாரி கீது மாமா," என்றான். அதற்கடுத்த ஞாயிறும் சவாரி. விஜயகுமாரி மார்க்கெட்டில் அறுநூறு ரூபாய் கொடுத்து மீன் வாங்கிவந்தாள். ஐஸில் கிடந்த மீன். சாப்பிட்டோம். மாசி மாதம் எனக்குப் பல் வலி வந்தபோது, வண்டி எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். வந்தான். இறக்கிவிடும்போது தலையைச் சொறிந்துகொண்டே, "டீசலுக்கு மட்டும் குடுத்துருங்க மாமா. மேடம் எல்லாத்தையும் நோட்ல எழுதச் சொல்லிக் கீறாங்க," என்றான்.

முந்நூறு ரூபாய் கொடுத்தேன். பல் வலி போய்விட்டது. வேறு ஒரு வலி வந்தது. ஆனால் அதற்கும் இந்த வழக்குக்கும் தொடர்பில்லை.

ஒரு பொறுப்புள்ள குடிமகன் என்ற முறையில் அந்த மையத்தை நேரில் பார்ப்பது என்று முடிவுசெய்தேன். செங்கல்பட்டில் கோர்ட் பக்கம், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி. 'கரையேறு கடன் ஆலோசனை மையம்' என்று போர்டு. ஸ்ரீதேவி என்பவர் ஐம்பது வயது அம்மாள். பேங்க்கில் வேலை பார்த்து விட்டுவிட்டு வந்தவர். கட்டணம் ஐந்நூறு ரூபாய், அதுவும் இருந்தால். என் பெயர் மோகன் என்று சொன்னேன்.

"உங்களுக்கு எவ்வளவு கடன் சார்?" என்று கேட்டார்.

என் அறுபத்து மூன்று வயதில் என்னிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். கடன் இல்லை என்றால் எதற்கு வந்தீர்கள் என்பார். எனவே மூன்று லட்சம் என்றேன். அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "பயப்படாதீங்க சார். மூணு லட்சத்துக்கெல்லாம் யாரும் செத்துப்போகக் கூடாது. வீட்ல யாருக்காவது தெரியுமா? யாருக்கும் தெரியாம தனியாவே சுமந்துகிட்டு இருக்கீங்களா?" என்றார். இல்லாத கடனுக்காக அந்தத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துமுடித்தேன். நல்ல திறமை. அதை நான் மறுக்கவில்லை.

நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, தைரியம் சொல்வதற்காக, பெயர் சொல்லாமல் ஒருவரைப் பற்றிச் சொன்னார்.

"மாமல்லபுரத்துல வேன் ஓட்டுறவர் ஒருத்தர் சார். பதினோரு கடன். ஏஜென்ட்டுங்க அவர் சம்சாரத்தோட போட்டோவ அசிங்கமா மாத்தி எல்லாருக்கும் அனுப்பிட்டாங்க. அப்படிப்பட்ட நிலைமை. எங்க ஃபாரத்துல ஒரு கேள்வி இருக்கு, எந்தக் கடன் உங்க தூக்கத்தக் கெடுக்குதுன்னு. அவர் எத எழுதினார் தெரியுமா? சொந்தத்துல வாங்கின நாப்பதாயிரம். வட்டிகூட இல்லாத கடன். அத மொதல்ல அடைச்சுக் குடுங்க மேடம், ஞாயித்துக்கிழம வரப்போகுதுன்னாலே கண்ண மூட முடியலன்னு அழுதார்."

பதினொன்றில் முதல் இடம். அதை நான் மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன். ஆனால் ஒரு குடும்பத்துக்குள் இருக்கும் பாசத்தை ஃபாரத்தில் போட்டு நிரப்பச் சொல்வது சரியா என்று நீங்களே யோசியுங்கள். மாமாவுக்கும் மச்சானுக்கும் நடுவில் ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ஒருவர் புகுந்து கணக்கை முடித்துவைத்தால், அப்புறம் எந்த மச்சான் எந்த மாமா வீட்டுக்கு வருவான்?

அந்த மையத்தின்மீது கலெக்டர் ஆபீஸுக்குப் போட்ட முதல் மனு என் சொந்தப் பெயரில், சொந்த விலாசத்தோடு. உண்மையைத் தவிர ஒன்றும் எழுதவில்லை. மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை. போர்டில் தமிழ் எழுத்து சிறியது. ரசீதில் வரிசை எண் இல்லை. இருபத்தோரு நாளில் பதில் வந்தது: நேரில் விசாரித்ததில் பெரிய குறை ஏதும் இல்லை. அதோடு மையத்திலிருந்தும் தனியாக ஒரு கடிதம். 'சுட்டிக்காட்டியதற்கு மிக்க நன்றி, வயதானவர்கள் வருவதை நாங்கள் யோசிக்கவில்லை, கைப்பிடி போட்டுவிட்டோம்.' போட்டோவும் வைத்திருந்தார்கள். பச்சைப் பெயின்ட் அடித்த கைப்பிடி.

இதுதான் எனக்குச் சங்கடமாகிவிட்டது. புகார் கொடுத்தவனுக்கு நன்றி சொல்கிறவர்களை என்ன செய்வது?

ஒருவர் சொன்னால் கவனிக்க மாட்டார்கள், பலர் சொன்னால்தான் கவனிப்பார்கள் என்பது என் இருபத்தோரு வருட அனுபவம். எனவே பலரானேன். என்னோடு வேலை பார்த்த ஏசுபாதம் இறந்து ஆறு வருடமாகிறது. அவர் இருந்திருந்தால் ஆட்சேபித்திருக்க மாட்டார். அவர் பெயரில் ஒன்று. மற்றவர்களை நானே உண்டாக்கினேன். அச்சரப்பாக்கத்தில் ஒரு வேர்க்கடலை வியாபாரி, ஐ.டி. கம்பெனிப் பெண் ஒருத்தி, ரிட்டயர்டு ஆசிரியர், இப்படி. ஒவ்வொருவருக்கும் ஒரு பேனா, ஒரு தாள், ஒரு கையெழுத்து. ஆசிரியருக்குக் கோபம் அதிகம். ஐ.டி. பெண்ணுக்குப் பொறுமை குறைவு, நான்கு வரியில் முடித்துவிடுவாள். வேர்க்கடலைக்காரர் லகரம் ளகரம் பார்க்காமல் எழுதுகிறவர். அதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. 'கடலை' என்று எழுதவேண்டிய இடத்தில் 'கடளை' என்று எழுத என் கை மறுத்துவிட்டது. இடதுகையால் எழுதினேன்.

எல்லாவற்றையும் கூடுவாஞ்சேரியில் போட்டால் முத்திரையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தந்த ஊர் மனுவை அந்தந்த ஊர்த் தபால் ஆபீஸில்தான் போடவேண்டும். வெங்கடேசனைக் கூப்பிட்டேன். கோயில் கோயிலாகப் போக ஒரு வேண்டுதல் என்றேன். டீசல் காசு கொடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். பாவம், வந்தான்.

அது நல்ல காலம், மேடம். ஐந்து ஞாயிற்றுக்கிழமை. அவன் ஓட்ட, நான் பக்கத்து சீட்டில். மதுராந்தகம் தாண்டி அச்சரப்பாக்கம், ஒருநாள் கடப்பாக்கம் வரைக்கும். கோயிலில் கும்பிட்டுவிட்டு வரும்போது, "இங்கே ஒரு தபால் ஆபீஸ் இருக்கும், நிறுத்து," என்பேன். வெளியே தபால் பெட்டி இருக்கும். போட்டுவிட்டு வருவேன். அவன் ஒருமுறைகூட என்ன கவர் என்று கேட்கவில்லை. வழியில் அவனே பேசிக்கொண்டு வந்தான்.

"மாமா, மேடம் சொல்றாங்க, இன்னும் ரெண்டு தவணைதானாம். அப்பால வண்டி என் பேர்ல. பாப்பாவ அடுத்த வருசம் நர்ஸிங்ல சேத்துரலாம்னு கீறேன்."

"பி.காம். என்ன ஆவது?"

"அவளுக்குப் புடிக்கல மாமா," என்றான். என்னைக் கேட்கவில்லை. சொன்னான்.

அன்று இரவு பத்தொன்பதாவது மனுவை எழுதினேன். நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்களே, அந்த மனுதான். கடப்பாக்கம், பூங்கொடி. கணவன் கடலுக்குப் போகிறவர். வலை வாங்கக் கடன். கரையேறு மையத்தை நம்பி இருந்த பணத்தையும் கொடுத்து, அவர்கள் ஏமாற்றியதால் கணவன் தூக்குப்போட்டுக்கொண்டார். இரண்டு பெண் குழந்தைகள், சின்னதுக்குக் காது கேட்காது. 'எம் புருசன் கட்டியிருந்த லுங்கிய இன்னும் தொவைக்கல சார், அந்த வாசன போயிடும்னு.' அந்த வரி வந்தபோது எனக்கே கண் கலங்கி, தாளில் ஒரு சொட்டு விழுந்தது. அப்படியே விட்டுவிட்டேன். அது பொய் இல்லை, உண்மையான கண்ணீர்தான்.

பதினெட்டு மனுவுக்கு அசையாத நாற்காலி பத்தொன்பதாவதற்கு நிமிர்ந்தது. அது எனக்குத் தெரியும். மீதி எட்டும் வெறும் முட்டுக்கொடுக்கத்தான். ஆனி மாதம் அதிகாரிகள் வந்து மையத்தைப் பூட்டி சீல் வைத்தார்கள். விசாரணை முடியும்வரை ஒரு தாளைக்கூட எடுக்கக் கூடாது என்று உத்தரவு. பேப்பரில் செய்தி வந்தது. அதை வெட்டி வைத்திருக்கிறேன். தலைப்பில் ஒற்றுப்பிழை.

உள்ளே முந்நூற்றுச் சொச்சம் குடும்பங்களின் ஃபைல் இருந்ததாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். ஏஜென்ட்டுகள் மறுபடி வீட்டு வாசலுக்கு வந்தார்கள் என்றும், அச்சரப்பாக்கத்தில் ஒரு குடும்பம் இரண்டு கறவை மாட்டை விற்றது என்றும் சொல்கிறீர்கள். கிராமத்தில் மாடு விற்பதும் வாங்குவதும் சகஜம்.

ஸ்ரீதேவி அம்மாள் செய்ததுதான் நான் எதிர்பார்க்காதது. சீல் வைத்ததற்காக வக்கீலைப் பார்க்காமல், அவர் கடப்பாக்கத்துக்குப் போயிருக்கிறார். பூங்கொடியைத் தேடி. எங்கள் ஃபைலில் அந்தப் பெயர் இல்லையே, வேறு பெயரில் வந்திருப்பாரோ, நான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டேனோ என்று பதினோரு நாள் பஸ்ஸில் போய்ப் போய், குப்பம் குப்பமாக வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். காது கேட்காத குழந்தை இருக்கும் வீடு எது என்று கேட்டுக்கொண்டே ஆலம்பரைக் கோட்டை வரைக்கும் நடந்தாராம். பன்னிரண்டாம் நாள் வெயிலில் விழுந்து, மீன் விற்கிற பெண்கள் தூக்கி ஆட்டோவில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். இல்லாத ஒருவரைத் தேடியது அவருடைய கவனக்குறைவு. விலாசத்தில் கதவு எண் இல்லை என்பதைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

இப்போது வெங்கடேசன் விஷயம். கடைசித் தவணைக்கு அவன் எடுத்த டி.டி.யும், ஃபைனான்ஸ் கம்பெனி கொடுத்த செட்டில்மென்ட் லெட்டரும் அந்த அம்மாளின் மேசை டிராயரில் இருந்தன. சீல் வைத்த கதவுக்குப் பின்னால். தேதி தாண்டியது. செட்டில்மென்ட் ரத்து, பழைய பாக்கி முழுவதும் வட்டியோடு கட்டு என்றார்கள். ஒரு சனிக்கிழமை பூஞ்சேரி கூட்டுரோட்டில் வண்டியை மடக்கிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். உள்ளே நாக்பூரிலிருந்து வந்த பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை இறக்கிவிட்டுவிட்டு வண்டியை எடுத்துப் போய்விட்டார்கள். வெங்கடேசன் அந்தப் பதினோரு பேரின் பெட்டிகளையும் தலையில் சுமந்து பஸ் ஏற்றிவிட்டிருக்கிறான். வாங்கிய வாடகையையும் திருப்பிக் கொடுத்திருக்கிறான். யாருக்கும் ஒன்றும் பாக்கி வைக்கக் கூடாது என்று அந்த அம்மாள் பழக்கியது.

மறுநாள் ஞாயிறு. எட்டேகாலுக்குக் கேட் திறந்தது.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "மாமா, எல்லாம் பூடுச்சு மாமா," என்று சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். விஜயகுமாரியும் அழுதாள். நான் உள்ளே போய் பீரோவிலிருந்து அந்தக் காக்கிக் கவரை எடுத்துவந்தேன். ஏழு மாதமாக அதைத் தொடவில்லை. அவன் எனக்குத் தந்த அதே நோட்டுகள். அவன் கையில் வைத்து, "நான் இருக்கிறேன், கவலைப்படாதே," என்றேன். வட்டி கேட்கவில்லை, பத்திரம் எழுதவில்லை. குனிந்து காலைத் தொட்டான். மேடம், அந்த நிமிடம் என் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. அவனைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.

அதன் பிறகு மீன் பஸ்ஸில் வந்தது. வண்டி இல்லாததால் செங்கல்பட்டில் பஸ் மாறி வரவேண்டும். வந்துசேரப் பத்தரை ஆகிவிடும். மீன் சற்று வாடியிருக்கும். ஆனாலும் வந்தான். மகள் காலேஜைப் பற்றி என்னிடம் கேட்டான். பி.காம். தொடரட்டும் என்றேன்.

இந்த நிலையில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். என் பழக்கம் விடவில்லை. மனு கொடுத்து நூறு நாளுக்கு மேலாகியும், முதல் மனுவைத் தவிர மற்ற எதற்கும் முறையான இறுதிப் பதில் வரவில்லை. எங்கள் காலத்தில் இப்படி நடக்காது. பதில் வராத மனுவைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. எனவே தகவல் உரிமைச் சட்டத்தின்படி ஒரு விண்ணப்பம் போட்டேன்: கீழ்க்கண்ட இருபத்தேழு மனுக்கள்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன, தாமதத்துக்குப் பொறுப்பான அலுவலர் யார். இருபத்தேழுக்கும், மனுப் பிரிவுப் பதிவேட்டில் நேரில் பார்த்துக் குறித்துவந்த பதிவு எண், தேதி, அனுப்பிய தபால் ஆபீஸ் எல்லாம் வரிசையாக எழுதி, என் பெயரில், என் கையெழுத்தோடு.

அதைப் படித்துவிட்டுத்தான் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். ஒருவருக்கொருவர் தெரியாத இருபத்தேழு பேரின் பதிவு எண் உங்களுக்கு எப்படித் தெரியும் சார் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. பிரதீபா மேடம், நீங்கள் பதவியில் மேலே வருவீர்கள். வேர்க்கடலைக்காரர், மீனவப் பெண் எல்லோருமே மனுவின் கடைசியில் 'நகல்: கோப்புக்கு' என்று எழுதியிருக்கிறார்களே என்றும் காட்டினீர்கள். அது என் கையை மீறி வந்தது. நகல் இல்லாமல் மனுவை முடிக்க எனக்குத் தெரியாது.

நேற்று மாலை ஸ்ரீதேவி அம்மாளை இங்கே வரச் சொல்லியிருந்தீர்கள். இதே பெஞ்சில் உட்கார்ந்தார். மெலிந்திருந்தார். மையத்தைத் திறந்துவிட்டார்கள் என்று நீங்கள் சொன்னதற்குக்கூட அவர் திரும்பவில்லை. என்னைத் திட்டுவார் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"சார், பூங்கொடின்னு ஒருத்தங்க நெஜமாவே இல்லையா?"

"இல்லை."

"அவங்க வீட்டுக்காரர்?"

"அவரும் இல்லை."

"அப்ப யாரும் சாகல?"

"யாரும் சாகவில்லை," என்றேன்.

முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார். அது சந்தோஷ அழுகை என்று நினைக்கிறேன். ஒருவருக்கு இவ்வளவு பெரிய நிம்மதியை என்னால் தர முடிந்ததே என்று எனக்கும் ஒரு திருப்தி. போகும்போது, "மோகன் சார்தானே நீங்க?" என்று கேட்டார். தலையாட்டினேன். "மூணு லட்சம்னு சொன்னீங்க. மறுபடி வரவே இல்லையேன்னு ரொம்ப நாள் கவலைப்பட்டேன்," என்றார். அவ்வளவுதான்.

வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், எதையும் மறைத்ததாக இருக்கக் கூடாது. நீங்கள் வந்துவிட்டுப் போன அன்று விஜயகுமாரி அடுப்பை அணைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"என் தம்பி செவுத்தப் புடிச்சிகினு அழுதானே, அப்ப உங்களுக்கு இன்னா தோணுச்சு? நெஜத்தச் சொல்லுங்க."

முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவள். அவளிடம் பொய் சொல்லக் கூடாது என்று, "நிம்மதியாக இருந்தது," என்றேன். அவள் இரண்டு புடவையை ஒரு பையில் வைத்துக்கொண்டு மாமல்லபுரம் பஸ் ஏறிவிட்டாள். தம்பி வீட்டில் நான்கு நாள் இருந்துவிட்டு வரட்டும். அவளுக்கும் ஒரு மாற்றம் வேண்டும்.

ஆக, இருபத்தேழு மனுக்களையும் எழுதியவன் நான். முதல் மனுவைத் தவிர மற்றவற்றில் உண்மை ஒன்றும் இல்லை. எழுதும்போது சுயநினைவோடு இருந்தேன். யாரும் தூண்டவில்லை. பிரிவு எண்களை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். அந்த 'மனுதாரர்' திருத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு சுருக்கொப்பமும் போட்டுவிடுகிறேன்.

ஜாமீனுக்கு இரண்டு பேர் வேண்டும் என்றீர்கள். ஒருவராக ஸ்ரீதேவி அம்மாளைக் கேட்டுப் பாருங்கள். உதவும் சுபாவம் உள்ளவர், மறுக்க மாட்டார். இன்னொரு ஆள் வெங்கடேசன். விலாசம் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். மூன்று நாளாக நான் கூப்பிட்டால் ஃபோன் எடுக்கவில்லை. அது அந்தப் பழைய பட்டன் ஃபோனாக இருக்கும், சார்ஜ் நிற்காது. உங்கள் நம்பரிலிருந்து ஒருமுறை கூப்பிட்டு, மாமா ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறார் என்று மட்டும் சொல்லுங்கள். பஸ் பிடித்து வந்துவிடுவான். அவனுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?